மயங்கி விழுந்த பொறுப்பாளர்

எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடிக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த மில்லின் முதலுதவிப் பெட்டிக்கும் நான்தான் பொறுப்பாளர். இரண்டு வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தேன். இரண்டு வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு கட்டுக்கூடப் போட்டதில்லை. ரத்தத்தைப் பார்த்தால் எனக்குக் கண் இருட்டிவிடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். வீட்டில் மீன் அலசினால்கூட நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

இது தெரிந்தும் கொடுத்தார்களா, தெரியாமல் கொடுத்தார்களா என்றால், யாரும் என்னைக் கேட்கவே இல்லை என்பதுதான் பதில். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள் ஹெட் கிளார்க் ஒரு சாவியை என் மேஜையில் வைத்தார். பெண் பிள்ளைகளுக்குத்தான் இந்த வேலையெல்லாம் கைவரும் என்றார். அந்த ஆபீஸில் அதுவரை பெண்கள் யாரும் வேலை பார்த்ததில்லை. ஆகவே அந்தச் சாவி ஸ்டோருக்கும் டைம் ஆபீஸுக்கும் மேனேஜர் அறைக்குமாக அலைந்துகொண்டிருந்ததாம். நான் வந்ததும் அதற்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது.

நான் பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். எங்கள் வீட்டில் விவசாயம். என்னை வேலைக்கு அனுப்ப அய்யாவுக்கு அரை மனசு. தமிழிலும் இங்கிலீஷிலும் டைப் பரீட்சை பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளை, ஆறு மாசம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்த ஆறு மாசம் முடிவதற்குள் வாயைத் திறந்து, எனக்கு இது முடியாது அது முடியாது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சாவியை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டேன்.

பெட்டி என் தலைக்கு மேலே சுவரில் இருந்தது. வெள்ளைப் பெயிண்ட், நடுவில் சிவப்புச் சிலுவை, அதற்குக் கீழே ஒரு பித்தளைப் பூட்டு. உள்ளே பஞ்சு, கட்டுத் துணி, கத்தரிக்கோல், ஐந்தாறு பாட்டில்கள். பாம்பு கடித்தால் கீறுவதற்கென்று ஒரு குட்டிக் கத்தியும் இருந்தது. அதை எங்கள் பியூன் வாரம் ஒருமுறை வாங்கிப்போய், பார்சல் கட்டிய சணலை அறுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பார். பெட்டி திறக்கப்பட்டது பெரும்பாலும் அதற்காகத்தான். மில்லில் சின்னச் சின்னக் காயங்கள் தினமும் உண்டு. ஆனால் வேலை நடக்கும் கூடத்திலிருந்து ஆபீஸுக்கு வர, பஞ்சு குடோனைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் ஒரு மைதானத்தைக் கடக்க வேண்டும். அவ்வளவு தூரம் யார் வருவார்கள்? வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். என் அதிர்ஷ்டம் அந்த மைதானத்தின் அகலத்தில் இருந்தது.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ரீலிங்கில் வேலை பார்த்த ஒரு அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ரீலிங் என்றால், இயந்திரத்தில் நூற்று வந்த நூலைப் பெரிய சட்டத்தில் சுற்றிச் சிட்டமாக்கும், அதாவது வளையக் கட்டாக்கும் பிரிவு. அங்கே எல்லாருமே பெண்கள். இந்த அக்கா சாக்கோட்டைப் பக்கத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருபவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கும் பேசவில்லை. இடது கையை முந்தானையில் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியை எடும்மா" என்றார் ஹெட் கிளார்க்.

எடுத்தேன். பூட்டைத் திறந்தேன். மேஜையில் வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த அக்கா முந்தானையை விலக்கினார். சுட்டுவிரல் நகம் பாதி பிய்ந்து தொங்கியது. பல் சக்கரத்தில் விரல் மாட்டிவிட்டதாம். நான் பார்த்தது அவ்வளவுதான். அடுத்து என் கண்ணில் பட்டது சீலிங் ஃபேன். அது எனக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. மூக்குக்குள் ஊசி ஏறின மாதிரி ஒரு காரமான வாடை.

"எந்திரிச்சிறாத ஆத்தா. செத்த நேரம் படு" என்று ஒரு குரல் கேட்டது.

அந்த அக்காதான். தரையில் என் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டிலை என் மூக்கருகே பிடித்திருந்தார். பிடித்திருந்த கையின் விரலில் புதுக் கட்டு. அவரே போட்டுக்கொண்ட கட்டு. நான் விழுந்த பிறகு நடந்ததையெல்லாம் பின்னால் பியூன் சொல்லித் தெரிந்துகொண்டேன். எந்த மருந்து எதற்கு என்று அந்த அக்கா ஹெட் கிளார்க்கிடம் கேட்டிருக்கிறார். பாட்டில்களில் எல்லாமே இங்கிலீஷ், அதுவும் எறும்பு எழுத்து. ஹெட் கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாராம். அவர் முதல் பாட்டிலை முடிப்பதற்குள் அந்த அக்கா எல்லா மூடியையும் திறந்து மோந்து பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரி வாடை அடித்ததை விரலில் ஊற்றிக்கொண்டார். மூக்கில் ஏறியதை எனக்குக் காட்டினார். இரண்டும் சரியாக இருந்தன. தப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ராத்திரி வீட்டில் யோசனை வந்தது. அய்யாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. ஹெட் கிளார்க் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டது.' காயம் பட்டவர் பெயர் மேலே இருந்தது; யார் அளித்தார், யாருக்கு அளிக்கப்பட்டது என்று அந்த வரியில் இல்லை. பொய்யும் இல்லை. எழுதி முடித்ததும் அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தோம். மேனேஜர் அன்றைக்கு மதுரைக்குப் போயிருந்தார். அவர் காதுக்கு இது போகவில்லை.

இரண்டு மாசம் கழித்து ஒரு பழுப்புக் கவர் வந்தது. உள்ளே அரசாங்கக் கெஜட்டின் சில பக்கங்கள். தொழிற்சாலைகளில் முதலுதவி சம்பந்தமான விதிகளை மாற்றப்போகிறார்கள். மாற்றுவதற்கு முன்னால் நகலை வெளியிட்டிருக்கிறார்கள். ஆட்சேபங்களோ யோசனைகளோ இருந்தால் இன்ன தேதிக்குள் எழுதலாம். தவிரவும், மதுரையிலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் காரைக்குடிக்கு வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நேரிலும் கேட்டுக்கொள்வார். முதலாளிகள் தரப்பும் வரலாம், தொழிலாளர் தரப்பும் வரலாம்.

நகலில் பெரிய விஷயமாக மூன்று இருந்தன. வேலை நேரத்தில் பெட்டியைப் பூட்டக் கூடாது, வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் முதலுதவிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் பெயரை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதி ஒட்ட வேண்டும். படித்ததும் எனக்கு அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

மேனேஜருக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கெட்டவர் இல்லை. மில்லில் எதை மாற்றினாலும் அது வேறெங்கோ போய் உடையும் என்று நம்புகிறவர். பூட்டில்லாமல் வைத்தால் ஒரே வாரத்தில் பஞ்சு காணாமல் போகும் என்றார். குடோன் நிறையப் பஞ்சு வைத்திருக்கும் மில்லில் உட்கார்ந்துகொண்டு அவர் இதைச் சொன்னபோது ஹெட் கிளார்க் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பயிற்சிக்கு ஆள் அனுப்பினால் வேலை நின்றுபோகும் என்றும் மேனேஜர் சொன்னார். பிறகு பதில் கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். நான் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடித்தேன். 'எங்கள் ஆலையில் முதலுதவிப் பெட்டியானது பயிற்சியும் அனுபவமும் மிக்க பொறுப்பாளர் ஒருவரின் வசம் உள்ளது. தற்போதைய ஏற்பாடே திருப்திகரமாக இருப்பதால் மாற்றம் எதுவும் தேவையில்லை.'

'பயிற்சியும்' என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. ஹெட் கிளார்க்கிடம் போய், சார், இது நான்தானே என்று மெதுவாகக் கேட்டேன். டைப்பிஸ்ட் வேலை அடிப்பது, யோசிப்பதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள் என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, பரிவாகத்தான் சொன்னார். போய் அடித்தேன். அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

தொழிலாளர் தரப்பில் ஒருவரையும் அழைத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று மேனேஜருக்குத் தோன்றியது. பதிவேட்டைப் புரட்டினார். உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டவர் ஒருவர் அதில் இருந்தார். அதிகம் பேசாதவர், புகார் எதுவும் சொல்லாதவர். இதைவிடத் தோதான ஆள் கிடைக்குமா? அந்த அக்காவையே கூட்டிக்கொண்டு வரும்படியும், பெட்டி இருக்கிறது, மருந்து போட்டார்கள் என்று மட்டும் சொன்னால் போதும் என்று சொல்லிவைக்கும்படியும் என்னிடம் சொன்னார். கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதற்காக நானும் வர வேண்டுமாம்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் அந்த மைதானத்தைத் தாண்டி ரீலிங் கூடத்துக்குப் போனேன். வேப்ப மரத்தடியில் எட்டுப் பத்துப் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் சொன்னதை அப்படியே அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு அந்தக் காகிதத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டார். கெஜட் பக்கம் என் கையில்தான் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

அந்த ஊரில் அந்த நகலை வரி வரியாகக் கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி வந்தது. பொறுப்பாளர் லீவு போட்டால் யார் பார்ப்பார்கள்? இரண்டாவது ஷிப்டில் ஆபீஸே கிடையாதே, அப்போது? காயம் கழுவத் தண்ணீர் எங்கே? படுக்க ஒரு கட்டில் போடச் சொல்ல முடியுமா? ஒரு பெண், பெட்டிக்குள் ஒரு டம்ளர் வேண்டும், மாத்திரையை எதை வைத்து முழுங்குவது என்றார். நான் கெஜட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அந்த அக்கா கடைசியில் ஒன்று கேட்டார். "இதுல நாமளும் சொல்லலாமா ஆத்தா? சொன்னா எழுதிக்கிருவாகளா?"

"சொல்லலாம்னுதான் போட்டிருக்குக்கா. எழுதிக்கிருவாகன்னுதான் நினைக்கிறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

கூட்டம் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸின் பெரிய அறையில் நடந்தது. மேனேஜரும் நானும் அந்த அக்காவும் மில் காரில் போய் இறங்கினோம். அந்த அக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற கண்டாங்கிச் சேலையில் வந்திருந்தார். அறையில் முப்பது பேர் இருப்பார்கள். ரைஸ் மில்காரர்கள், அச்சாபீஸ்காரர், ஓட்டுக் கம்பெனிக்காரர், பஸ் கம்பெனியின் பட்டறையிலிருந்து இரண்டு பேர். வாசலில் டீயும் மெதுவடையும் வைத்திருந்தார்கள். வடை தீர்வதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்பதில்தான் எல்லாருக்கும் ஆரம்பத்தில் கவனம்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், முன் வழுக்கை. ஒவ்வொருவர் சொல்வதையும் அவரே கைப்பட எழுதிக்கொண்டார். ரைஸ் மில்காரர் ஒருவர் எழுந்து, தவிட்டையும் மஞ்சளையும் வைத்துக் கட்டினால் ஆறாத காயமே இல்லை, சர்க்கார் எதற்குச் சிரமப்படுகிறது என்றார். இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார். அச்சாபீஸ்காரர், தன்னிடம் மொத்தமே ஐந்து பேர்தான் வேலை பார்க்கிறார்கள், அதில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் கல்யாணப் பத்திரிகை கல்யாணத்துக்கு அப்புறம்தான் வரும் என்றார். அறையே சிரித்தது. பட்டறைக்காரர்கள் மட்டும் காரியமாகப் பேசினார்கள். மருந்து தீர்ந்தால் எத்தனை நாளில் வாங்கிவைக்க வேண்டும் என்று விதியில் இல்லையே என்றார்கள்.

எங்கள் முறை வந்தது. மேனேஜர் கடிதத்தைக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதைச் சத்தமாகவே படித்தார். 'பயிற்சியும் அனுபவமும் மிக்க பொறுப்பாளர்' என்ற இடத்தில் நிறுத்தி, யார் அவர் என்று கேட்டார். மேனேஜர் என்னைக் கைகாட்டினார். இவ்வளவு சின்ன வயசில் இத்தனை அனுபவமா என்று இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம்.

"நல்லதும்மா. ஒருத்தருக்குக் கையில் வெட்டுப்பட்டு ரத்தம் வருது. நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

நான் எழுந்து நின்றேன். அவர் சோதிப்பதற்காகக் கேட்கவில்லை, மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் கேட்டார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதற்கே நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் பக்கம் பார்த்தேன். அவர் நம்பிக்கையோடு தலையசைத்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் எனக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்திருந்த இடது கையில், நகம் இன்னும் முழுசாக முளைக்காத அந்த விரல் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் கதை விட முடியவில்லை.

"முதல்ல நான் மயங்கி விழுவேன் சார்" என்றேன்.

வடைத் தட்டுப் பக்கத்திலிருந்து சிரிப்பு ஆரம்பித்து எல்லாப் பக்கமும் பரவியது. ரைஸ் மில்காரர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். விரல், ஃபேன், மூக்கில் ஏறிய வாடை, எல்லாவற்றையும் சொன்னேன். என் காதில் என் குரல் யாரோ பேசுவது மாதிரி கேட்டது. எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, சாவியைத்தான் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

இன்ஸ்பெக்டர் அந்த அக்காவைப் பார்த்து, அவரும் ஏதாவது சொல்கிறாரா என்று கேட்டார். அக்கா எழுந்தார். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு வேற ஒண்ணும் இல்லைங்கய்யா. அந்தப் போத்தல்ல எல்லாம் தமிழ்ல எழுதச் சொல்லுங்க. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. தமிழ்ல இருந்தா படிச்சிருப்பேன். அன்னைக்கு மோந்து பாத்துத்தான் போட்டுக்கிட்டேன். எல்லாருக்கும் மூக்கு சரியா வேலை செய்யுமா? தடுமம் பிடிச்சவக என்ன செய்வாக?"

இந்தத் தடவையும் சிரித்தார்கள். ஆனால் அது வேறு மாதிரிச் சிரிப்பு. பட்டறைக்காரர்களில் ஒருவர், அந்த அம்மா சொல்வது சரி, எங்களுக்கும் அதே கஷ்டம்தான் என்றார். அச்சாபீஸ்காரர் தானே லேபிள் அடித்துத் தருவதாக எழுந்து சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதி முடிக்கும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் தலையை நிமிர்த்தி, நான் இந்த உத்தியோகத்துக்கு வந்து இத்தனை வருஷத்தில் நூறு பெட்டியையாவது திறந்து பார்த்திருப்பேன், எல்லா மருந்தும் இருக்கிறதா என்றுதான் எண்ணிப் பார்த்தேன், யாரால் படிக்க முடியும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை என்றார். அக்காவைப் பார்த்து வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கெஜட்டின் பின்பக்கத்தில் குறித்துவைத்திருந்ததைப் படித்தேன். கழுவத் தண்ணீர், இரண்டாவது ஷிப்ட், கட்டில், டம்ளர் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.

திரும்பி வரும்போது காரில் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு, ஆறு மாசக் கெடு முடிந்து எவ்வளவோ நாளான பிறகு இப்படி ஆகிவிட்டதே, அய்யாவிடம் என்ன சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என் கையில் ஒரு வடையைத் திணித்தார். எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. எனக்கு வேண்டாம் என்றேன். அப்படியானால் கொடு என்று வாங்கி அவரே தின்றார்.

மூன்று நாள் மேனேஜர் என்னைக் கூப்பிடவில்லை. கடிதங்கள் எல்லாம் ஹெட் கிளார்க் மூலமாகவே வந்தன. நாலாம் நாள் கூப்பிட்டார். மேஜையில் அந்தப் பழைய கடிதத்தின் நகல் இருந்தது.

"பயிற்சியும் அனுபவமும்னு நான்தான் சொன்னேன். நீ அடிச்சே. தப்பு என்னுது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கே ரத்தம் பார்த்தா ஆகாதும்மா. அதனாலதான் அந்தப் பெட்டியை என் ரூம்ல வச்சுக்கலை" என்றார்.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. புதுக் கடிதம் ஒன்றைச் சொன்னார், அடித்துக் கொடுத்தேன். பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சம்மதம் என்று அதில் இருந்தது. யாரை அனுப்பலாம் என்று கேட்டார். நான் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே அவர் தலையாட்டிவிட்டார்.

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் வகுப்பு. மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்து நடத்தினார். அக்கா தனியாகப் போகக் கூச்சப்பட்டதால் மேனேஜர் என்னையும் துணைக்கு அனுப்பினார். நான் படிக்கப் போகவில்லை, நோயாளியாக இருக்கப் போனேன். அதில் ரத்தம் கிடையாதே. என் தலையில் கட்டு, முழங்கையில் கட்டு, கழுத்திலிருந்து தொங்குகிற தூளிக் கட்டு என்று அக்கா என்னை வைத்துத்தான் பழகினார். மில்லிலும் விடவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தாடையைச் சுற்றிக் கட்டிவிட்டு, அவிழ்ப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. அப்படியே ஆபீஸுக்கு ஓடினேன். பியூன் பல் பிடுங்கினீர்களா என்று கேட்டார். வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாத அளவுக்கு நல்ல கட்டு அது.

வகுப்பில் டாக்டரிடம் அந்தப் பாம்புக் கத்தியைப் பற்றியும் அக்கா கேட்டார். கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம், ஆளை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றார் டாக்டர். அடுத்த வேலை நாளே கத்தியை எடுத்து நிரந்தரமாகப் பியூனிடம் கொடுத்துவிட்டார் அக்கா. அதற்குச் சணல் அறுக்கத்தான் விதி.

லேபிள்களைச் சர்க்கார் எழுதும் வரை காத்திருக்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. என்னைத் தமிழ் டைப்ரைட்டரில் அடிக்கச் சொன்னார். நான் பாட்டிலில் இருந்த இங்கிலீஷ் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் அடித்தேன். அக்கா படித்துப் பார்த்துவிட்டு, இது இங்கிலீஷை விட மோசமாக இருக்கிறதே என்றார். பிறகு அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'வெட்டுக் காயத்துக்கு. எரியும்.' 'மயக்கத்துக்கு. மோந்து பார்க்க மட்டும், குடிக்கக் கூடாது.' 'சூடு பட்ட இடத்துக்கு.' எரியும் என்று எதற்குப் போட வேண்டும் என்று கேட்டேன். சொல்லாமல் ஊற்றினால் கையை உதறி, பாட்டிலையே உடைத்துவிடுவார்கள் என்றார். அடுத்த தடவை இன்ஸ்பெக்டர் மில்லுக்கு வந்தபோது பெட்டியைத் திறந்து ரொம்ப நேரம் நின்று படித்தார். மற்ற இடங்களுக்கும் காட்ட வேண்டும் என்று ஒரு செட் அடித்துத் தரச் சொல்லி வாங்கிப்போனார்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து விதிகள் முடிவாக வந்தன. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இரண்டு தடவை படித்தேன். பெட்டியைப் பூட்டக் கூடாது என்பது இருந்தது. பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பது இருந்தது. பட்டறைக்காரர்கள் கேட்ட மாதிரி, தீர்ந்த மருந்தை உடனே வாங்கிவைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. தமிழ் லேபிள் இல்லை. கட்டிலும் டம்ளரும் இல்லை. வேப்ப மரத்தடிக்குப் போய்ப் படித்துக் காட்டியபோது எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அந்தப் பெண்கள் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. லேபிள்தான் நம்மிடம் இருக்கிறதே என்றார் அக்கா. டம்ளர் கேட்ட பெண் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு அலுமினிய டம்ளரைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார்.

பெட்டியை ஆபீஸ் சுவரிலிருந்து கழற்றி ரீலிங் கூடத்துத் தூணில் மாட்டினார்கள். பூட்டு இல்லை. பஞ்சு காணாமல் போகவில்லை. கத்தரிக்கோல் மட்டும் இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் நின்று பார்த்ததில் மாலைக்குள் திரும்பி வந்துவிட்டது. நான் கல்யாணமாகி அந்த ஊரை விட்டுப் போகும் வரைக்கும் அந்தத் தூணடியில்தான் எல்லாருக்கும் வைத்தியம். ஒரு தடவை தீட்டின பென்சில் முனை குத்திக்கொண்டு மேனேஜரே அந்த மைதானத்தைத் தாண்டி வந்தார். விரலைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டு நின்றார். உக்காருங்கய்யா, நின்னா விழுந்துருவீக என்றார் அக்கா. அவர் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார்.

பொறுப்பாளர் பெயரை எழுதி ஒட்ட வேண்டும் என்று விதி வந்ததல்லவா? அந்த நோட்டீஸை அடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா ஆபீஸுக்குள் வந்து என் பின்னால் நின்று, எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடிப்பது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் பெயர் வரும் இடம் வந்ததும் நிறுத்தி, முதல் எழுத்தை நீங்களே அடிங்கக்கா என்று அதற்கான எழுத்துக் கட்டையைக் காட்டினேன். அவர் வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுட்டுவிரலை நீட்டி, இயந்திரத்தில் லிவரை அழுத்துகிற பலத்தோடு ஒரே குத்தாகக் குத்தினார். எழுத்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. அதன் வயிற்றில் ஒரு ஓட்டை.

வேறு தாளில் அடித்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம். என்ன எழுத்துன்னு தெரியுதுல்ல?" என்றார்.

மீதி எழுத்துகளை நான் அடித்தேன். பசை டப்பாவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தூணைப் பார்த்து நடந்தோம்.